பதினோராவது நிமிடம்

சுதாராணி அனுப்பியது பத்து நிமிடப் படம். புது சர்வரில் போய்ச் சேர்ந்தபோது அது கொஞ்சம் பெருத்திருந்தது.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திரையின் இடப்பக்கம் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்புகளின் பட்டியல், வலப்பக்கம் சர்வரில் இருப்பவற்றின் பட்டியல். நாற்பத்து மூன்று பெயர்கள், இரண்டு பக்கமும் ஒரே வரிசை. ஒவ்வொன்றிலும் வலப்பக்கத்து அளவு இடப்பக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது. குறைந்திருந்தால் ஆச்சரியமில்லை, லைன் அறுந்து பாதியில் நிற்பது கொடைக்கானலில் தினசரிப் பழக்கம். கூடுவது எப்படி? உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. மணி இரண்டரை ஆகியிருந்தது, ஒரு படமும் ஓடவில்லை.

பொன்னுவேலின் ஸ்டூடியோ அட்டுவம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேலே, மரப்படி ஏறிப் போகும் ஒற்றை அறை. மதியத்திலிருந்தே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்து மரங்கள் போய், ரோடு போய், இப்போது ஜன்னல் கம்பிகள் மட்டும்தான் மிச்சம். கீழேயிருந்து பன் வேகும் வாசனை வந்திருக்க வேண்டும், ஆனால் அவளுக்கு மூக்கு இரண்டும் அடைத்திருந்தது. மூன்று நாளாகச் சளி, போதாததற்குக் கடைவாய்ப் பல்வலி. மேல்மலைப் போளூரில் பூண்டுக் காட்டு வேலைக்காகச் சனிக்கிழமை வரை தங்கப் போன அம்மா வடிவு, காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்திலும் மகளை இழுத்து உட்கார வைத்து, பல்லிடுக்கில் கிராம்பும் காதில் பஞ்சும் வைத்து, மரூன் நிற மப்ளரைத் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தாள்.

"வலி நிக்கிற வரைக்கும் அவுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

பேசினால் தாடை வலித்தது. ஆனால் பேசாமல் இருக்க விட்டால்தானே. போன் அடித்தது. பழனியில் ஒரு கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கப் போயிருந்த பொன்னுவேல்.

"ஏம்மா சுதா, ஓடுச்சா?"

"இன்னும் இல்லண்ணே. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு."

"காலையிலயும் இதத்தான சொன்ன. அந்த ஹட்டன் அம்மா பஸ் ஏறி டவுனுக்கு வந்து நெட் கடையில ஒக்காந்திருக்கு. ஆறு மணிக்குக் கடைய மூடிருவானாம். எனக்குப் போன் மேல போன். வெரசாப் பாரும்மா."

"பாத்துக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்." ரிசீவரைத் தேவைக்கு அதிகமான வேகத்தில் வைத்தாள்.

சிலோனில் இருக்கும் அந்த ஹட்டன் அம்மாவின் பெயர் இருளாயி. ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர், சிலோன் எஸ்டேட்டிலிருந்து கப்பலேறி வந்து இந்த மலையில் குடியேறிய குடும்பங்கள். சுதாராணியின் குடும்பமும் அப்படித்தான். ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவருக்கு இந்தியக் குடியுரிமைக் கடுதாசி கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். இங்கே சாவு விழுந்தால் அவர்களால் வந்து சேர முடியாது. சண்டை நடக்கிற நாட்டுக்குத் தபாலில் அனுப்பும் சிடியும் போய்ச் சேராது. அதனால் மூன்று வருடமாகப் பொன்னுவேல் சாவு வீட்டு வீடியோக்களைத் தன் வெப்சைட்டில் ஏற்றிவந்தார்.

அந்தக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிணத்தைத் தூக்குவதற்கு முன் கேமராக்காரரைத் தலைமாட்டுக்குக் கூப்பிடுவார்கள். முகத்துணியை விலக்குவார்கள். பெரியவர் ஒருவர் கேமராவைப் பார்த்து, வர முடியாதவரின் பெயரைச் சொல்லி, 'மொகத்தப் பாத்துக்க' என்று மூன்று தடவை கூப்பிடுவார். பிறகுதான் துணியை மூடுவது. பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் பார்க்கிற வரைக்கும் அந்த முகம் மூடியதாக அர்த்தமில்லை என்பார்கள். பார்க்காதவர் முப்பதாம் நாள் படையலுக்கு நிற்கவும் கூடாது.

இருளாயியின் அம்மா மூக்கம்மா செத்து இன்றோடு இருபத்தொன்பது நாள். விடிந்தால் முப்பது. போன வாரமே இருளாயி ஒரு தடவை டவுனுக்கு வந்தாள். சர்வர் மாற்றுகிற வேலை நடக்கிறது, செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று திருப்பி அனுப்பியது சுதாராணிதான். இன்று செவ்வாய்க்கிழமை. அந்த நினைப்பே பல்வலியோடு சேர்ந்து தெறித்தது.

பழைய சர்வர் கம்பெனி தன் கடையை மூடப்போவதாக மெயில் அனுப்பி, சொன்ன தேதியில் மூடியும்விட்டது. புது சர்வர் பெரிய கோப்புகளை வாங்காது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவள் நாற்பத்து மூன்று படங்களையும் ஒரே நீளத்துக்கு, முதல் பத்து நிமிடத்தோடு நிற்கும்படி வெட்டி, அதே பெயர்களில் சேமித்து அனுப்பினாள். வெட்டுகிற வேலையை சாஃப்ட்வேரே பார்த்துக்கொண்டது. ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு அவள் கீழே டீ குடிக்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து பிடித்தது சனியன். பக்கங்கள் எல்லாம் மூடிப்போன பழைய சர்வரின் விலாசத்தையே தேடின. நாற்பத்து மூன்று பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தினாள். புது சர்வருக்கு இந்த வகைக் கோப்பு வீடியோ என்பதே தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வரி எழுதிச் சேர்த்தாள். சர்வர் கம்பெனியின் உதவி ஆள் சாட்டில் வந்து, ப்ரவுசரில் சேர்ந்திருக்கிற பழைய குப்பையைக் காலி செய்து பாருங்கள் என்றான். செய்தாள். இன்னொரு தடவை செய்யச் சொன்னான். நான்காவது தடவை சொன்னபோது அவனுக்குத் தெரியாத ஊர் பாஷையில் அவனைத் திட்டிவிட்டு சாட் ஜன்னலை மூடினாள்.

மூன்றரை மணிக்கு மூக்கம்மாவின் படத்தில் சத்தம் வந்தது. படம் வரவில்லை. பச்சையும் ரோஸுமாகக் கட்டங்கள், அதற்கு அடியில் பறைச்சத்தம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீடியோவை எழுத்துக் கோப்பு என்று எண்ணி அனுப்பினால், அனுப்புகிற புரோகிராம் அங்கங்கே தானாக ஓர் எழுத்தைச் செருகிவிடும். எழுத்துக்கு அது ஒன்றும் செய்யாது, படத்தைக் கொன்றுவிடும். கோப்பு பெருத்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது!

"லூசு, லூசு," என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டாள். அமைப்பை மாற்றி மூக்கம்மாவின் கோப்பை மட்டும் மறுபடி அனுப்பினாள். நாற்பது நிமிடம் ஆகும் என்றது. நடுவில் கரண்ட் போயிற்று. யூபிஎஸ் பத்து நொடிக்கு ஒரு தடவை கீச்சிட, இருட்டிய அறையில், கால் இரண்டையும் சேர்த்துச் சால்வைக்குள் சுருட்டிக்கொண்டு, நீலக் கோடு ஒவ்வொரு மயிரிழையாக நீளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோரம், போட்டோ எடுக்க வருகிறவர்கள் உட்காரும் நீள பெஞ்சு. அதன்மேல் பின்னணிக்குத் தொங்கவிடும் வெள்ளைத்துணியைப் பொன்னுவேல் சுருட்டிப் போட்டிருந்தார். அதை மடித்து வைத்திருக்கலாம் என்று தோன்றியது. எழுந்துபோய் மடிக்கத் தோன்றவில்லை.

நாலேகாலுக்குக் கரண்ட் வந்தது. கோப்பும் போய்ச் சேர்ந்தது. வலப்பக்கத்து அளவைப் பார்த்தாள்.

இன்னும் கூடுதலாகத்தான் இருந்தது. பட்டியலைப் புதுப்பித்தாள். முன்பைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது. அனுப்பி முடித்த கோப்பு எப்படி ஏறும்? மறுபடி புதுப்பிக்கக் கையை நீட்டியவள், எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று ப்ளே பட்டனை அழுத்தினாள்.

ஓடியது.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. மூக்கம்மா வீட்டு வாசல், தகரப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள். சனம் வருகிறது, மாலை போடுகிறது, ஒப்பாரி வைக்கிறது. நடுவே பெஞ்சில் கிடத்திய உடம்பு, முகத்தின்மேல் வெள்ளைத்துணி. ஒரு கிழவி பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். சுதாராணி திரையின் ஓரங்களை மட்டும் பார்த்தாள். அது அவள் பழக்கம். மூன்று வருடத்தில் நாற்பத்து மூன்று சாவு வீடியோக்களை ஏற்றியவள், ஒரு முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. படம் முக்கால்வாசி ஓடியதும் திரையில் அந்த ஜன்னலைச் சின்னதாக்கிவிட்டு வேறு வேலை பார்ப்பாள். பத்து வயதில் அப்பா செத்தபோது, 'சுதாராணி, அப்பா மொகத்தப் பாத்துக்க' என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். அவள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அதை அம்மாவிடம்கூட அவள் சொன்னதில்லை.

இன்றும் முக்கால்வாசியில் ஜன்னலைச் சின்னதாக்கினாள். பத்து நிமிடத்தில் படம் நின்றது. ஹட்டன் கடை நம்பருக்குப் போட்டு, இப்போது படம் பார்க்கலாம் என்று சொன்னாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் வந்தது.

"பிள்ள, நான் இருளாயி கதைக்கிறன்." மெல்லிய, களைத்த குரல். "படம் ஓடிச்சு. சனமெல்லாம் வருது, மாலை போடுது. அதோட நின்னு போச்சே. ஆத்தா மொகம் வரல்லியே?"

"வரலயா?"

"மொகத்த தொறக்க முந்தியே நின்னுருச்சு. மூணு தரம் போட்டுப் பாத்துட்டன். எம் பேரக்கூட கூப்புடல்ல."

முகம் காட்டுவது தூக்குவதற்குச் சற்று முன்பு. அதாவது கடைசியில். எல்லாப் படத்திலும் கடைசியில். அவள் வெட்டித் தள்ளியது அதைத்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒரு படத்தை முழுதாகப் பார்த்திருந்தால் வெட்டும்போதே உறைத்திருக்கும்.

"லைன் கோளாறும்மா," என்றாள். "கொஞ்சம் பொறுங்க. சரி பண்ணிர்றேன்."

"நாளைக்கு முப்பது, பிள்ள. முப்பத்தி அஞ்சு வருசமா நான் ஆத்தாவப் பாக்கல்ல. எஸ்டேட் லயத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கன். எப்புடியாச்சும் காட்டிரு."

பழைய சர்வர் மூடிவிட்டது. கம்ப்யூட்டரில் இருந்த முழுப்படங்களின் மேலேயே வெட்டிய படங்களைச் சேமித்திருந்தாள். மிச்சம் இருப்பது கேமராவில் எடுத்த டேப்தான். பழனிக்குப் போன் போட்டாள். நாதஸ்வரத்துக்கு நடுவே பொன்னுவேல் கத்தினார்.

"மூக்கம்மா டேப்பா? அதுல மறுவாரமே ஒரு ஹனிமூன் ஜோடி லேக்குல போட்டிங் போனத எடுத்துட்டேனேம்மா."

"சாவு டேப்புலயாண்ணே?"

"எவனுக்குத் தெரியப்போகுது? சாவு டேப்ப வீட்டுல வெச்சுக்க மாட்டேன்னு எல்லாரும் நம்ம தலையிலதான கட்டுறான். அத்தன டேப்பும் அப்படித்தான் ஓடுது."

"அப்ப அந்தம்மாவுக்கு என்ன பதில் சொல்ல?"

"வேற சாவு வீட்டுல இருந்து ஒரு கெழவி மொகத்த வெட்டி ஒட்டி விடு. முப்பத்தஞ்சு வருசம் பாக்காதவளுக்கு என்ன அடையாளம் தெரியும்? சோலிய முடி."

தூ என்று துப்பலாம்போல் இருந்தது. ஆனாலும், உண்மையைச் சொல்ல வேண்டும், அவள் கை பட்டியலுக்குத்தான் போனது. ஏதாவது ஒரு கிழவி. கந்தம்மாள், எழுபத்தாறு வயது. திறந்து கடைசிக்குத் தள்ளினாள். மாலை, ஒப்பாரி, வெள்ளைத்துணி, நின்றுவிட்டது. அடுத்தது. வெள்ளைத்துணி. அடுத்தது. அதிலும் துணி. நாற்பத்து மூன்று பேரில் ஒருவருக்கும் முகம் இல்லை. அவள்தான் எல்லாருடையதையும் எடுத்துவிட்டாள்.

கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கை சில்லிட்டிருந்தது. அப்போது, அவள் எதையும் தொடாமலே, வலப்பக்கத்துப் பட்டியல் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. நாற்பத்து மூன்று அளவுகளும் ஒன்றாக ஏறின.

மூக்கம்மாவின் படத்தை மறுபடி போட்டாள். ஒன்பதரை நிமிடத்திலிருந்து. பந்தல், நாற்காலி, ஈ ஓட்டும் கிழவி. பத்து.

பத்து நிமிடம் ஒரு நொடி. பத்து நிமிடம் இரண்டு நொடி.

படம் கறுப்பாகிவிட்டது, ஆனால் எண் நகர்ந்தது. வெட்டியது சரியாக வெட்டுப்படவில்லை! வால் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது! சந்தோஷத்தில் அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டாள். ஸ்பீக்கரிலிருந்து காலடிச் சத்தம் வந்தது. மண்தரைச் சத்தமாக இல்லை, பலகைமேல் நடப்பதுபோல இருந்தது. பறை ஓய்ந்தது. யாரோ இருமினார்கள். பிறகு ஓர் ஆண்குரல், வயதான, அவசரமில்லாத குரல்.

"இருளாயீ... மொகத்தப் பாத்துக்க."

காதில் பஞ்சு, அதற்குமேல் மப்ளர். காலையிலிருந்து அவள் எதையும் சத்தத்தைக் கூட்டி வைத்துத்தான் கேட்டாள். இந்தக் குரல் மட்டும் பஞ்சே இல்லாததுபோலத் தெளிவாகக் கேட்டது. அவள் திரையைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டு ஹட்டனுக்குப் போன் போட்டாள்.

"இப்பப் பாருங்கம்மா. வரும். நிக்காம ஓட விடுங்க."

"சரி பிள்ள. நீ புண்ணியவதி."

ஐந்தரை ஆகியிருந்தது. பனி ஜன்னலுக்கு உள்ளே வந்துவிட்டதுபோல அறை மங்கியது. ஒரு வேலை முடிந்த நிம்மதி வர வேண்டும். வரவில்லை. மூக்கு அடைத்துத்தான் இருந்தது, ஆனால் பன்னீர் வாசனை வந்தது. பன்னீர், சம்பங்கி, அதற்கு அடியில் எதுவோ ஒன்று. எங்கேயோ ஓர் ஈ ரீங்கரித்தது. இந்தக் குளிரில் கொடைக்கானலில் ஈ ஏது? ஸ்பீக்கரைத் திருகி அணைத்தாள். ஈச் சத்தம் நிற்கவில்லை.

சரிபார்க்கலாம் என்று கந்தம்மாளின் படத்தைத் திறந்தாள். அதுவும் இப்போது பத்தைத் தாண்டியது. கறுப்பு. பலகைமேல் காலடி. அதே குரல், அணைத்த ஸ்பீக்கரிலிருந்து.

"செல்லத்துரை... மொகத்தப் பாத்துக்க."

இன்னொன்று. "பாக்கியம்... மொகத்தப் பாத்துக்க." இன்னொன்று. வேறு வேறு வருடம், வேறு வேறு வீடு. குரல் ஒன்றுதான். இருமலும் ஒன்றுதான். அந்தப் பலகைச் சத்தத்தை அவளுக்குத் தெரியும். தினமும் இரண்டு தடவை கேட்பது. மாடிப்படி.

போன் அடித்தது. துள்ளி எடுத்தாள்.

"பிள்ள." இருளாயிக்கு மூச்சு வாங்கியது. "பாத்தன். மூணு தரம் கூப்புட்டாங்க. துணிய எடுத்தாங்க."

"பாத்துட்டீங்களா? அப்ப சரிம்மா."

"அது எங்க ஆத்தா இல்ல."

"இல்லம்மா, வயசானதுல—"

"வயசான மொகம் இல்ல, பிள்ள. சின்னப் பொண்ணு. இருபத்தி அஞ்சு வயசு இருக்கும். பாவம், யாரு பெத்த பிள்ளையோ." "நீலக் கம்பளிச் சட்ட போட்டிருக்கு. ரெண்டாவது பித்தான் இல்ல. வாய மூடிக் கட்டுற நாடிக்கட்டுக்கு ஒரு வெள்ளத்துணிகூடவா கெடைக்கல்ல? செவப்பு மப்ளரப் போட்டு உச்சியில கட்டி வச்சிருக்காங்க."

சுதாராணி குனிந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. இரண்டாவது பித்தான் போன மாதம் பஸ்ஸில் அறுந்தது.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

வாய் திறக்கவில்லை.

தாடை அசையவில்லை. மப்ளருக்கு அடியில் பல்லும் பல்லும் ஒட்டிக்கொண்டிருந்தன. தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது, அது மூக்கு வழியாக வெளியே போகப் பார்த்து, அங்கே அடைபட்டு நின்றது. பஞ்சு வைத்த மாதிரி.

"பிள்ள? கேக்குதா? பிள்ள? கடைய மூடுறாங்க. நான் என்ன செய்ய?"

லைன் அறுந்தது.

முடிச்சை அவிழ்க்க உச்சந்தலைக்குக் கையைக் கொண்டுபோனாள். போகவில்லை. கை மடியில் இருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக. எழுந்திரிக்கக் காலைப் பிரித்தாள். சால்வைக்குள் கால் பிரியவில்லை. இரண்டு பெருவிரலும் சேர்த்துக் கட்டியதுபோல.

மாடிப்படியில் காலடி. ஒன்று. இரண்டு. நிறையப் பேர்.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. ஆனால் அறை நிறைந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் துணிகள் உரசின. யாரும் அழவில்லை. நெற்றியில் சில்லென்று எதுவோ பதிந்தது, வட்டமாக, ஒரு காசு அளவுக்கு. பக்கவாட்டில் பெஞ்சு தெரிந்தது. அதன்மேல் வெள்ளைத்துணி இல்லை.

திரையில் கறுப்பு மெல்ல வெளுத்தது. அவள் கண்ணை மூடப் பார்த்தாள். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மூடியதுபோல இறுக்கி.

கண் மூடவில்லை.

பார்த்தாள். முதல் தடவையாக ஒரு முகத்தை, நேராக, ஓரத்தைப் பார்க்காமல். மரூன் மப்ளர். மூக்கில் பஞ்சு. நெற்றியில் காசு. பாதி திறந்த கண். அது அவள் முகம். அதற்குமேல் ஒரு கை, வெள்ளைத்துணியின் நுனியைப் பிடித்தபடி.

தலைமாட்டில் அந்தக் குரல் இருமியது.

"வடிவூ... ஒம் மக மொகத்தப் பாத்துக்க."

அம்மா போளூரில் இருக்கிறாள். பூண்டுக் காட்டில் குனிந்திருப்பாள். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது.

"வடிவூ... ஒம் மக மொகத்தப் பாத்துக்க."

சனிக்கிழமைதான் வருவாள்.

"வடிவூ..."

மூன்றாவதும் சொல்லி முடிந்தது. துணியைப் பிடித்த கை இறங்கவில்லை. காத்திருந்தது. பதினோரு நிமிடம். பன்னிரண்டு. எண் நகர்ந்துகொண்டே இருந்தது.

திரையில் ஓர் ஈ வந்து, திறந்த முகத்தைச் சுற்றி, கீழுதட்டின்மேல் உட்கார்ந்தது. ஓட்டுவதற்கு அங்கே ஒரு கிழவியும் இல்லை. ஈ உதட்டோரமாக மெதுவாக நடந்தது, நின்றது, காலைத் தேய்த்துக்கொண்டது.

சுதாராணிக்கு உதடு கூசியது.